மோத்தியின் வயிற்றுக்குள் சாஸ்தா

வெள்ளிக்கிழமை வந்தால் போதும், தாராவியில் ஒரு குதிரையின் வயிற்றைக் கேட்க ஜனங்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஏறிச் சவாரி போக இல்லை, வேடிக்கை பார்க்க இல்லை, காது வைத்து வயிற்றைக் கேட்க. விடிந்ததும் தொடங்கும் வரிசை தோல் கிடங்கு இருந்த சந்து முனையைத் தாண்டி, தண்ணீர்க் குழாயை ஒரு சுற்றுச் சுற்றி, மெயின் ரோட்டில் போய் முடியும். குழாய் வரிசை எது, குதிரை வரிசை எது என்று பிடிபடாமல், தண்ணீருக்கு வந்தவள் வாக்குக் கேட்டுவிட்டு வெறுங்குடத்தோடு வீட்டுக்குப் போன கதையும் உண்டு.

குர்லா பட்டறைகளிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்தார்கள். செம்பூர்க் காலனிகளிலிருந்து பட்டுப்புடவையோடு வந்தார்கள். கல்யாணிலிருந்து முதல் லோக்கல் ரயிலைப் பிடித்து வந்தார்கள். பி.ஏ. படித்தவர்களும் வந்தார்கள். அவர்கள் மட்டும் “சும்மா பார்த்துட்டுப் போலாம்னு” வந்ததாகச் சொல்லிக்கொண்டு, வரிசையில் குறுக்கே புகுந்தவனிடம் மற்றவர்களைவிடப் பலமாகச் சண்டை போட்டார்கள்.

அது அறுபத்து நாலாம் வருஷம். மனிதன் ராக்கெட்டில் ஏறிப் பூமியைச் சுற்றிவிட்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தாராவியில் மனிதன் குதிரையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

குதிரையின் பெயர் மோத்தி. குர்லா ஸ்டேஷன் வாசலில் டாங்கா இழுத்த குதிரை. திருநெல்வேலிச் சீமையின் தெற்கு மூலையிலிருந்து பிழைக்க வந்த நெல்லையப்பன், கரீம் பாட்சா என்ற டாங்காக்காரரிடம் அதை வாங்கி ஒன்பது வருஷம் ஓட்டினார். பஸ்ஸும் டாக்சியும் பெருகியபோது சவாரி குறைந்தது. நெல்லையப்பனின் மனைவி ஆறுமுகத்தாய் ஆப்பத்துக்கு மாவு அரைத்து விற்று வீட்டை ஓட்டினாள். மோத்திக்குப் புல் போடுவதும், தேய்த்துவிடுவதும், லத்தி அள்ளுவதும் அவள்தான். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் குதிரையிடம்தான் அவள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தாள். அது பதில் சொல்லும் என்று அவள் எதிர்பார்த்ததில்லை.

எதிர்பார்த்தவர் பிரம்மநாயகம். குர்லா பாலத்தில் பல்பொடி விற்றவர். அவர் பொடியைத் தேய்த்தவர்கள் பல்லைத் தேட ஆரம்பித்திருந்ததால், வேறு தொழில் பார்க்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தார். போன மழைக்காலத்தில் ஒரு நாள் நனையாமல் இருக்க டாங்காவை ஒட்டி ஒதுங்கினார். காதுக்கும் குதிரையின் விலாவுக்கும் இடையே நாலு விரல்கடைதான் இருந்தது. உள்ளே களகளவென்று என்னமோ உருண்டு ஓடியது.

“வே அண்ணாச்சி, ஒம்ம குதிர பேசுதுவே.”

“பசிச்சிருக்கும்.”

“பசி இல்லவே. இது வாக்கு.”

அந்த ஒரு சொல்லில் குதிரையின் வேலை மாறிப்போயிற்று.

பிரம்மநாயகத்துக்கு ஊர் ஜனங்களின் வலி எங்கே இருக்கிறது என்று தெரியும். தெற்கத்திக்காரனுக்கு வீட்டுக்கு வீடு ஒரு சாஸ்தா உண்டு. வருஷம் ஒரு முறை, பங்குனி உத்திரத்தன்று, அந்தக் குடும்பத்துக்கென்று உள்ள சாஸ்தா கோயிலுக்குப் போயே ஆகவேண்டும். பம்பாயில் லீவு கொடுப்பவன் யார்? பத்து வருஷம், பதினைந்து வருஷம் போகாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். அதைவிடப் பரிதாபம், தங்கள் சாஸ்தா எந்தச் சாஸ்தா என்றே மறந்துபோனவர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், மில்லில் சம்பளம் பிடித்தாலும், இரும்புக் கட்டிலில் இடித்துக்கொண்டாலும் இதுதான் காரணம் என்று உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருக்கும். ஊரில் சாஸ்தா கோயில் வாசலில் மண் குதிரைதான் நிற்கும். பம்பாயில் உயிரோடு ஒரு குதிரை நின்று, அதுவும் பேசுகிறது என்றால் விடுவார்களா? மோத்தி ‘வாக்குச்சாமி’ ஆயிற்று. டாங்காவின் சக்கரத்தைக் கழற்றி வைத்தார்கள். குடிசைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகை சன்னிதி ஆயிற்று.

சாமியிடம் பேசும் கருவி, மண்ணெண்ணெய் ஊற்றும் பித்தளைப் புனல். அதைக் கழுவி, மஞ்சள் பூசி, பின்பக்கம் ஒரு ரப்பர் குழாய் மாட்டியிருந்தார் பிரம்மநாயகம். புனலைக் குதிரையின் வலது விலாவில் அவர் வைப்பார். குழாயின் முனையைப் பக்தர் காதில் வைத்துக்கொண்டு கேள்வியைச் சொல்ல வேண்டும். அவர் மந்திரம் சொல்லும் நேரத்துக்குள் வயிறு உறுமினால் ‘ஆமாம்’. உறுமாவிட்டால் ‘இல்லை’. சாஸ்தாவைத் தொலைத்தவர்களுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. ஒரு நோட்டைப் பிரித்து, “கரையடிச் சாஸ்தா, குளத்தடிச் சாஸ்தா, மருதடிச் சாஸ்தா” என்று வரிசையாக வாசிப்பார். எந்தப் பெயரில் வயிறு உறுமுகிறதோ அவர்தான் உங்கள் சாஸ்தா. காணிக்கை ஒன்றே கால் ரூபாய், சாமிக்குத் தனியாக வெல்லமோ பொங்கலோ. சாப்பிட்டால்தான் சாமி பேசும் என்றார்.

மகாலட்சுமி ரேசில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கேட்க வந்தவர்களும் உண்டு. குதிரைக்குக் குதிரையின் ரகசியம் தெரியாதா என்பது அவர்கள் கட்சி. தோற்றுவிட்டு மறுவாரமும் வந்தார்கள். அந்த விசுவாசத்தை வேலையில் காட்டியிருந்தால் எல்லாரும் ஃபோர்மேன் ஆகியிருப்பார்கள்.

குர்லா பட்டறையில் வேலை பார்த்த நம்பிராஜன், சங்கரன் என்ற அண்ணன் தம்பி கதைதான் இன்னும் வேடிக்கை. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே அறை. அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தான், கரையடிச் சாஸ்தா என்று வந்தது. தம்பி அடுத்த வெள்ளி வந்தான், மருதடிச் சாஸ்தா என்று வந்தது. “அப்படின்னா நம்மள்ல ஒருத்தன் அப்பாவுக்குப் பொறக்கலியா?” என்று தம்பி கேட்க, அண்ணன் கை நீட்ட, அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. தகப்பன் சொத்தென்று பிரித்துக்கொள்ள ஒன்றும் இல்லாதவர்கள் சாமியைப் பிரித்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் ஆறுமுகத்தாய் மாவு அரைத்துக்கொண்டே பார்த்தாள். அவள் ஒன்றைக் கவனித்தாள். பட்டுப்புடவைக்குப் பிரம்மநாயகம் மந்திரத்தை நீட்டி முழக்குவார், வயிறு உறுமும் வரைக்கும். “வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிரட்டுமா?” என்று கேட்பவனுக்கு இரண்டே வரிதான், சட்டென்று புனலை எடுத்துவிடுவார். பம்பாயை விட்டுப் போகிறவன் அடுத்த வெள்ளி வரமாட்டான் அல்லவா?

“ஏங்க, மோத்தி வயித்துல எப்பவும் அந்தச் சத்தம் உண்டுல்லா. ஒம்போது வருசமா நான் கேக்கேன்” என்றாள் புருஷனிடம்.

“ஒம்போது வருசமா சாமி நம்மகிட்ட பேசிருக்கு. நமக்குத்தான் வெளங்கல” என்றார் நெல்லையப்பன். அவர் கண்கள் கலங்கின. நல்ல மனிதர். அவ்வளவுதான் அவரைப் பற்றிச் சொல்ல முடியும்.

மாசிக் கடைசியில் மோத்தியின் லத்தி மாறியது. எப்போதும் உருண்டை உருண்டையாக, புல் வாசனையோடு இருக்கும். இப்போது கூழாகப் போயிற்று, புளித்த வாடை அடித்தது. போட்ட புல்லை முகர்ந்துவிட்டு விலகியது. ஆறுமுகத்தாய் இரண்டு சந்து தள்ளி இருந்த இன்னாசிமுத்துவிடம் ஓடினாள். அவர் பரேலில் மிருக ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். பதினெட்டு வருஷம் குதிரைகளுக்குக் கட்டுப் போட்ட கை.

“வெல்லம் போடுதாவளா?” என்றார் அவர் எடுத்த எடுப்பில்.

“அண்டா கணக்குல போடுதாவ, அண்ணாச்சி.”

“மாடு முன்னால சமைக்கும், குதிர பின்னால சமைக்கும். கேட்டுக்க. குதிரைக்கு இரைப்ப சின்னது. சிறுகொடலத் தாண்டி, வலது விலாப் பக்கம் பெரிய பை ஒண்ணு இருக்கு. ரெண்டு குடம் புடிக்கும். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி கோடிக் கோடியா கெடக்கு. தின்ன புல்ல அதுகதான் புளிக்க வச்சுக் கரைக்கி. அந்தப் புளிப்புலதான் குதிரைக்குத் தெம்பே.”

“அப்ப அந்தச் சத்தம்?”

“பை சுருங்கி அடுத்த கொடலுக்குத் தள்ளும். காத்தும் தண்ணியும் உருளும். நிமிசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ. எங்க டாக்டர் வந்ததும் மொதல்ல அதத்தான் கேப்பாரு. சத்தம் இருந்தா சிரிப்பாரு. இல்லன்னா கோட்டக் கழட்டிட்டு வேலைய ஆரம்பிப்பாரு.” இன்னாசிமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். “ஒன் மாவுப் பானையில ரெண்டு படி வெல்லத்தக் கொட்டி வெயில்ல வச்சா என்ன ஆகும்?”

“பொங்கித் தட்டத் தள்ளும்.”

“பானைக்கு வழிய எடம் இருக்கு. குதிரைக்கு வாந்திகூட வராது, தங்கச்சி. உள்ள இருக்க நல்ல பூச்சி செத்து, காத்து அடைச்சு, கொடல் அசையாம நின்னு போவும். அன்னைக்கு வயிறு பேசாது. பேசலன்னா என்னையக் கூப்பிடு. அதுவரைக்கும் வெறும் புல்லு, தண்ணி. வேற ஒண்ணும் குடுக்காத.”

ஆறுமுகத்தாய் வீட்டுக்கு வந்து மாவுப் பானையின் தட்டை எடுத்துக் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே நொரு நொருவென்று குமிழி உடைந்துகொண்டிருந்தது. ‘இதுக்குள்ள எந்தச் சாஸ்தா?’ என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது.

நெல்லையப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பிரம்மநாயகத்திடம் சொன்னார். பிரம்மநாயகம் சிரித்தார். “இன்னாசி கும்பிடுத கோயிலு வேற. நம்ம சாமி வயிறு அவனுக்கு என்னவே தெரியும்?” கோயில் மாறினால் குடலும் மாறும் என்ற புதிய வைத்திய சாஸ்திரத்தை நெல்லையப்பன் அப்படியே ஏற்றுக்கொண்டார். வெல்லம் நிற்கவில்லை.

பங்குனி உத்திரம் வந்தது. ஊருக்குப் போக முடியாத அத்தனை பேரும் தாராவிக்கு வந்தார்கள். குர்லா ஸ்டேஷனிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு நாலு டாங்காக்கள் வந்து சந்து முனையில் நின்றன. அதில் ஒன்று கரீம் பாட்சாவுடையது. காலையிலேயே வாக்குச்சாமிக்கு ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கல் படைத்து, கையால் ஊட்டி, மிச்சத்தைப் பிரம்மநாயகம் மூன்று இலை சாப்பிட்டார்.

பத்து மணிக்கு மோத்தி முன்னங்காலால் தரையைப் பிறாண்டியது. “பாதாளத்தக் காட்டுது” என்றார் பிரம்மநாயகம். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மோத்தி திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது. “பின்னால வாற ஆபத்தப் பாக்குது” என்றார். அதற்கு உடம்பெல்லாம் வேர்த்து வழிந்தது. “தீர்த்தம்” என்றார். அந்த வேர்வையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள் பெண்கள். படுக்கப் பார்த்தது, எழுந்தது, மறுபடி படுக்கப் பார்த்தது. “அருள் வந்து ஆடுது” என்றார். குலவைச் சத்தம் தகரத்தைத் தூக்கியது. வயிற்று வலியில் துடிக்கிற ஒரு பிராணியைச் சுற்றி நின்று இத்தனை சந்தோஷப்பட மனிதனால்தான் முடியும்.

முதல் ஆளாகக் குழாயைக் காதில் வைத்தவள் செம்பூர் சண்முகவடிவு. அவள் புருஷனுக்குப் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஆபீஸ் உத்தியோகம். சாஸ்தாவைத் தேடி வந்திருந்தாள். பிரம்மநாயகம் நோட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

“ஒண்ணுமே கேக்கலியே, சாமி.”

“மனச அடக்கிக் கேளும்மா.”

“மனசெல்லாம் அடங்கிட்டு. உள்ளதான் சத்தம் இல்ல.”

பிரம்மநாயகத்தின் நெற்றியிலும் தீர்த்தம் வந்தது. ஆனால் பழைய வியாபாரி அல்லவா, உடனே எழுந்து நின்றார். “சாமி வாயக் கட்டிருச்சு. இந்த வீட்டுலயே ஒரு பொம்பள நம்பிக்க இல்லாம வேற சாமிக்காரன்கிட்ட குறி கேக்கப் போயிருக்கா. அதான் குத்தம். இன்னொரு அண்டா பொங்கல் படைச்சாத்தான் தீரும்.”

கூட்டம் முழுக்க ஆறுமுகத்தாயைப் பார்த்தது. நெல்லையப்பன் போய் அகப்பையைக் கையில் எடுத்தார்.

ஆறுமுகத்தாய் மாவுக் கையோடு எழுந்து வந்து மோத்தியின் விலாவில் காதை வைத்தாள். ஒன்பது வருஷமாகக் கேட்ட சத்தம் இல்லை. உள்ளே செத்த வீடு மாதிரி இருந்தது. இந்தப் பொங்கல் உள்ளே போனால் மோத்தி சாயங்காலம் இருக்காது என்று தெரிந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த முருகம்மாளிடம், “யக்கா, ஓடிப் போய் இன்னாசி அண்ணாச்சியக் கூட்டியா” என்றாள். பிறகு பிரம்மநாயகத்தின் கையிலிருந்த புனலைப் பிடுங்கினாள்.

“சாமி பேசலன்னுதான பொங்கல்? இந்தக் குதிர பேசல, சரி. வாங்க, அந்தக் குதிரையக் கேப்போம்.”

சண்முகவடிவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்து முனைக்குப் போனாள். கூட்டம் பின்னாலேயே வந்தது. கூட்டத்துக்கு யாராவது முன்னால் போனால் போதும். கரீம் பாட்சாவின் குதிரை புல் தின்றுகொண்டு நின்றது.

“பாய், ஒங்க குதிர வயித்தக் கேட்டுக்கிடட்டா?”

“கேளு தங்கச்சி. காசா பணமா?”

புனலை வலது விலாவில் வைத்தாள். சண்முகவடிவு குழாயைக் காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் கண்கள் விரிந்தன. “களகளன்னு ஓடுது, ஆறுமுகத்தாயி. நல்லாவே கேக்கு.”

“அடுத்த குதிர.”

அடுத்த குதிரையும் பேசியது. மூன்றாவதும் பேசியது. நாலாவது யாரும் கேட்பதற்கு முன்பே, குழாய் இல்லாமலே பேசியது.

“இப்ப இந்தக் குதிரைகிட்டயே ஒரே கேள்விய ரெண்டு தடவ கேளுங்க” என்றாள் ஆறுமுகத்தாய். “ஒங்க பேரு சண்முகவடிவான்னு கேளுங்க. நான் பத்து எண்ணுதேன்.”

கேட்டாள். பத்து எண்ணும் வரை சத்தமே இல்லை. மறுபடி கேட்டாள். நாலு எண்ணுவதற்குள் உறுமியது.

“மொதல்ல நான் சண்முகவடிவு இல்ல. இப்ப நான்தான்” என்றாள் அவள் மெதுவாக. அவள் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் அன்றைக்கு அது புதுசு.

பிரம்மநாயகம் விடவில்லை. “எல்லாக் குதிரையும் சாஸ்தா வாகனந்தான்வே. எல்லாத்துலயும் சாமி இருக்கு” என்றார். பாதிக் கூட்டம் தலையை ஆட்டியது. தலை எதற்கு இருக்கிறது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

“அப்படியா?” என்றாள் ஆறுமுகத்தாய். “அப்ப ஒம்ம வயித்தையும் பாத்துருவோம்.”

பிரம்மநாயகம் பின்வாங்கினார். பின்னால் நம்பிராஜனும் சங்கரனும் நின்றார்கள். பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி, பேசிக்கொள்ளாமலே ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று இலைப் பொங்கல் போன வயிற்றில் மஞ்சள் புனல் உட்கார்ந்தது. சங்கரன் கீழே விழுந்த நோட்டை எடுத்து வாசித்தான்.

“கரையடிச் சாஸ்தா.”

வயிறு உறுமியது. பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டது.

“இது ஒன் சாஸ்தா அண்ணே” என்றான். அடுத்ததைத் தாண்டி, “மருதடிச் சாஸ்தா” என்றான்.

அதற்கும் உறுமியது.

அண்ணன் தம்பியைப் பார்த்தான். “ரெண்டு பேரும் ஒருத்தனுக்குப் பொறந்தவனுவதாம்லே” என்றான். அவனுக்கு எட்டு மாசமாகச் சேர்த்து வைத்த அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

முதலில் சிரித்தவர் கரீம் பாட்சா. பிறகு சண்முகவடிவு. பிறகு சந்து முழுக்கச் சிரித்தது. ஆறுமுகத்தாய் மட்டும் சிரிக்கவில்லை.

“சிரிச்சது போதும். நல்லா இருக்க குதிர அத்தனையும் பேசுது. பேசாதது ஒண்ணே ஒண்ணுதான். அது சாவக் கெடக்கு. பொங்கலத் திங்கவச்சே அத நீங்க எல்லாரும் சேந்து கொல்லுதிய. வேர்வையக் கண்ணுல ஒத்துனியளே, அது வலியில வந்த வேர்வ.”

நெல்லையப்பன் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

இன்னாசிமுத்து பையோடு ஓடிவந்தார். மோத்தியின் மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். படுத்துப் புரளவிடாமல் நடத்திக்கொண்டே இருக்கச் சொன்னார். கரீம் பாட்சா ஒரு பக்கம், நெல்லையப்பன் ஒரு பக்கம், மெயின் ரோட்டில் மேலும் கீழுமாக மோத்தியை நடத்தினார்கள். சந்தடியில் உண்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நழுவிய பிரம்மநாயகத்தை அண்ணனும் தம்பியும் பஸ் ஸ்டாப்பில் பிடித்துப் போலீஸ் சௌக்கிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் தனக்கு நெஞ்சு வலி என்றாராம். வயிற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கூட்டத்தில் பாதி கலைந்தது. மீதி நின்றது. இப்போது அவர்களுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, அதைச் சாமியிடம் கேட்க முடியாது. மணிக்கு இரண்டு தடவை இன்னாசிமுத்து விலாவில் காது வைப்பார், உதட்டைப் பிதுக்குவார். ஆறுமுகத்தாய் மோத்தியின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே கூட நடந்தாள். “போயிராதலே” என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெயில் தாழ்ந்த நேரம். நெல்லையப்பன் புனல் இல்லாமல், குழாய் இல்லாமல், வெறும் காதை மோத்தியின் வலது விலாவில் வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு அப்படியே அழ ஆரம்பித்தார். ஆறுமுகத்தாய்க்கு உயிரே போய்விட்டது.

“என்னங்க?”

“பேசுதுட்டீ” என்றார். “லேசா, ஒரே ஒரு தடவ.”

இன்னாசிமுத்து கேட்டார், தலையை ஆட்டினார், சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். சற்று நேரத்தில் மோத்தி வாலைத் தூக்கி, நிறுத்தி நிதானமாக, நீளமாகக் காற்று விட்டது. வாக்குக் கேட்கக் கல்யாணிலிருந்து வந்து பின்பக்கமாக நின்றிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கைதட்டினார்கள். அந்தக் குதிரை அவர்களுக்குச் சொன்னதிலேயே அதுதான் உண்மையான வாக்கு.

அடுத்த மாசம் டாங்காவுக்குச் சக்கரம் மாட்டினார்கள். பித்தளைப் புனல் மண்ணெண்ணெய்க்கே திரும்பிப் போயிற்று. இருந்தும் நாலைந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, “இன்னிக்கு வாக்கு உண்டா?” என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆறுமுகத்தாய் மாவுப் பானையிலிருந்து நிமிராமல் சொல்வாள்:

“புல்லச் செரிக்கத்தான் அதுக்கு வயிறு. யோசிக்கதுக்கு ஒமக்குக் கழுத்துக்கு மேல ஒண்ணு வச்சிருக்குல்லா? அதுல காத வச்சுப் பாரும். ரொம்ப நாளா அங்கதான் சத்தத்தக் காணோம்.”